நீலக் கஃப்தான்: சலேயின் சந்துக்குள் ஒரு காதலை எப்படிச் சொன்னார்கள்

மொரோக்கோவின் தலைநகர் ரபாத்துக்கு நேர் எதிரே, பூ ரெக்ரெக் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது சலே. இரண்டு ஊருக்கும் ஆகாது. 'ஆறு பாலாக ஓடினாலும், மணல் உலர்திராட்சையாக மாறினாலும், ரபாத்துக்காரன் சலேக்காரனுக்குச் சிநேகிதன் ஆகமாட்டான்' என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. 2011 முதல் ட்ராம் இரண்டு கரையையும் இணைக்கிறது. ஏறினால் சில நிமிடங்களில் அக்கரை. ஆனாலும் உலகம் ரபாத்தைத்தான் பார்க்கப் போகிறது. 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ரபாத் சேர்ந்தது. ஃபெஸ், மராகேஷ் எல்லாம் அதற்கு ரொம்ப முன்பே சேர்ந்துவிட்டன. சலே இன்னும் வெளியேதான் நிற்கிறது.

அந்தச் சலேயின் பழைய ஊருக்குள், ஒரு தையல் கடையிலும் ஒரு சின்ன வீட்டிலுமாக நடக்கிறது இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படம். மர்யம் துஸானி இயக்கிய 'நீலக் கஃப்தான்', 2022. கஃப்தான் என்பது பெண்கள் உடுத்தும் நீண்ட அங்கி. பிரெஞ்சில் வைத்த தலைப்பைத் தமிழாக்கினால் 'கஃப்தானின் நீலம்' என்று வரும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஏனென்று கடைசியில் சொல்கிறேன். முடிவு தெரிந்துவிட்டால் படம் பார்க்கப் பிடிக்காது என்பவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது.

என்ன வழக்கு

ஹலீம் கஃப்தான் தைக்கும் கைவினைஞர். மினா அவருடைய மனைவி. கடையின் முன்பக்கம் அவள் பொறுப்பு. கணக்கு, வாடிக்கையாளர், சண்டை எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். கல்யாணமாகி ரொம்ப காலம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. ஹலீமுக்கு ஆண்கள்மேல்தான் நாட்டம். அது மினாவுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் சொன்னதில்லை. அவளுக்கு மார்பகப் புற்றுநோய். வேலை குவிந்து கிடப்பதால் யூசுஃப் என்ற இளைஞன் பயிற்சிக்குச் சேர்கிறான். பிறகு என்ன நடக்கும் என்பதைப் பார்ப்பவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே ஊகித்துவிடலாம். எப்படி நடக்கிறது என்பதில்தான் ஊகம் பொய்த்துப்போகிறது.

மொரோக்கோவின் தண்டனைச் சட்டம் 489ஆவது பிரிவின்படி ஒரே பாலினத்தாரிடையே உறவு குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அந்த நாட்டில், அந்த நாட்டு மொழியில், அந்த நாட்டுச் சந்துக்குள் வைத்து இப்படி ஒரு கதையைச் சொன்னார்கள். மறுபக்கம், அதே நாடு இந்தப் படத்தைத் தன் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தன? அதுதான் வழக்கு.

ஒரு விடையை ஆரம்பத்திலேயே வைத்துவிடுகிறேன். படம் தன் காதலைக் கொண்டுபோய் ஊசி வேலைக்குள் ஒளித்து வைத்தது. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆளாக மனைவியை நிறுத்தியது. அதனால்தான் இதைக் கணவனின் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதிலுக்கு உள்ளே

சலேயின் பழைய ஊரை மதீனா என்பார்கள். மதீனா என்றதும் நமக்கு நபிகள் நாயகத்தின் ஊர்தான் நினைவுக்கு வரும். வட ஆப்பிரிக்காவில் மதில் சூழ்ந்த பழைய ஊர்ப்பகுதி எல்லாமே மதீனாதான். 1912இல் மொரோக்கோ பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பாட்சிக்குள் வந்த பிறகு, அவர்கள் மதிலுக்கு வெளியே அகலத் தெருக்களோடு புதுநகரங்களைக் கட்டினார்கள். உள்ளே இருந்தது 'பழைய ஊர்' ஆகிப்போனது அப்போதிருந்துதான்.

சலேயில் காட்ட நிறைய இருக்கிறது. 1196இல் அல்மொஹத் வம்சத்து அரசர்கள் கட்டிய பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாப் மரீஸா வாயிலைக் கப்பல் நுழைகிற உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கால்வாய் வழியாக மதிலுக்குள்ளேயே கப்பல் வந்துபோனது. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றின் இரு கரையிலும் குடியேறி, கடற்கொள்ளையில் ஐரோப்பாவையே நடுங்க வைத்த கதையும் இந்த ஊருக்கு உண்டு. வேறொரு இயக்குநர் என்றால் இதில் பாதியையாவது மேலேயிருந்து சுற்றிக் காட்டியிருப்பார்.

துஸானி அந்த வேலைக்கே போகவில்லை. கேமரா கடைக்குள் இருக்கிறது, அல்லது வீட்டுக்குள் இருக்கிறது. ஊர் காதால்தான் வருகிறது: பாங்கு சத்தம், தெருப் பேச்சு, அக்கம்பக்கத்திலிருந்து மிதந்து வரும் பாட்டு. ஒளிப்பதிவாளர் விர்ஜினி சுர்தே முகத்துக்கும் கைக்கும் மிக அருகில் போய் உட்கார்ந்துகொள்கிறார். துணியின் மடிப்பில் வெளிச்சம் விழுவதைக் காட்ட அவருக்கு இருக்கும் பொறுமை, தெருவைக் காட்ட இல்லை.

முதல் தடவை பார்த்தபோது இது செலவு மிச்சம் பிடிக்கிற வேலையோ என்றுகூட நினைத்தேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது. பழைய ஊரின் சந்து எவ்வளவு நெருக்கமானது என்பதை மேலேயிருந்து காட்டினால் அழகாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்து காதால் கேட்டால் மூச்சு முட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டு நம் வீட்டுக்குள் கேட்கிறது என்றால், நம் வீட்டுப் பேச்சு அங்கே கேட்காதா? ஹலீமும் மினாவும் ஏன் இவ்வளவு தணிந்த குரலில் பேசுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

துஸானியின் முதல் முழுநீளப் படமும் (2019) காசாபிளாங்காவின் பழைய ஊருக்குள் நடக்கும் கதைதான். அதில் ரொட்டிக்கடை நடத்தும் ஒரு விதவையின் வாசலில், கல்யாணமாகாமல் கருவுற்ற ஒரு பெண் வந்து நிற்பாள். அந்தப் படத்துக்காக இடம் தேடி அலைந்தபோது, பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை நடத்திய ஒருவரை அவர் சந்தித்திருக்கிறார். அந்த மனிதர் எதையும் சொல்லவில்லை. சொல்லாமல் அவர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது மட்டும் புரிந்ததாகவும், அங்கிருந்துதான் ஹலீம் பிறந்தார் என்றும் துஸானி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முடி அலங்காரக்காரர் கதையில் தையல்காரர் ஆனது நல்ல முடிவு. தையலில் காலம் கண்ணுக்குத் தெரியும்.

ஊசி வேலை

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மொரோக்கோவில் கஃப்தான் என்பது பெண்கள் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் உடுத்தும் நீண்ட அங்கி. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறப்பு. அதன் இரு ஓரத்திலும் பட்டு நூலையோ சரிகையையோ பின்னிச் செய்த பட்டை ஓடும். அதற்கு ஸ்ஃபீஃபா என்று பெயர். அதை ஒட்டி, நூலாலேயே முடிச்சுப் போட்டுச் செய்த குட்டிக் குட்டிப் பொத்தான்கள் வரிசையாக நிற்கும். அவை அஃகாத். ஒரு கஃப்தானுக்கு இப்படி டஜன் கணக்கில் வேண்டும், ஒவ்வொன்றும் கையால். இந்த வேலையில் தேர்ந்தவரை மஅல்லம் என்கிறார்கள். நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் 'முஅல்லிம்' என்ற அதே அரபுச் சொல்தான். அங்கே கைத்தொழில் ஆசானுக்கும் அதே மரியாதை.

பட்டையைத் துணியோடு சேர்க்கும் தையலில் பழைய முறை ஒன்று உண்டு. மஅல்லம் கடைக்குள் உட்கார்ந்து ஊசி போடுவார். சில அடி தள்ளி, பல நேரம் சந்திலேயே, ஒரு பையன் நூல்களை விரலில் மாட்டிக்கொண்டு நிற்பான். ஒவ்வொரு தையலுக்கும் அவன் நூலை மாற்றி மாற்றிக் குறுக்கே போட வேண்டும். இவர் இழுக்க, அவன் மாற்ற, பின்னல் விழும். ஒருவர் கவனம் பிசகினால் இருவர் வேலையும் போச்சு. நம் தையல் கடைகளின் காஜா பையன் ஒரு மூலையில் தனியாகக் குனிந்து தன் வேலையைப் பார்ப்பான். இது அப்படி இல்லை. இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் தொடாமல், ஒரே நூலின் இரு முனையில் மணிக்கணக்கில் இருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது தொழில்.

துஸானி இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் இதில் இருக்கிறது. ஹலீமும் யூசுஃபும் நெருங்கி உட்கார வேண்டும் என்றால் அதற்குச் சாக்கு வேண்டியதில்லை. ஆசான் மாணவனின் விரலைப் பிடித்து ஊசியைத் திருத்தலாம். இருவரும் ஒரே துணியின்மேல் குனியலாம். சட்டம் எதைக் குற்றம் என்கிறதோ அதன் வாசல்வரை, ஊர் எதை மதிக்கிறதோ அந்தத் தொழிலே அவர்களைக் கைபிடித்துக் கொண்டுபோய் விடுகிறது.

அப்புறம், தொழிலுக்கும் ஆயுள் முடிகிற நேரம். கையால் தைத்தால் மாதக்கணக்கில் ஆகும். மெஷினில் போட்டால் சீக்கிரம் முடியும். 'வித்தியாசம் யாருக்குத் தெரியப் போகிறது' என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஹலீமுக்குத் தெரியும். உடுத்துகிறவருக்குப் பிறகும் கஃப்தான் வாழ வேண்டும், அம்மாவிடமிருந்து மகளுக்குப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. இந்தப் பேச்சைக் கேட்கும்போது தொழில் தர்மம் என்றுதான் தோன்றும். கடைசிக் காட்சி வரும்போது அது வேறு விதமாகத் திரும்பி வந்து அடிக்கிறது.

படத்தின் நடுவில் கிடப்பது பெட்ரோல் நீலத்தில் ஒரு கஃப்தான். வசதியான வீட்டு அம்மாள் ஒருத்தி கொடுத்த வேலை. சீக்கிரம் முடிக்கச் சொல்லி நச்சரிப்பும் சேர்ந்தே வருகிறது. பட்டை ஏறுகிறது, பொத்தான் ஏறுகிறது, மினாவின் உடம்பு இறங்குகிறது. யாரும் இதை வாய்விட்டு ஒப்பிடுவதில்லை. படத்தொகுப்பு மட்டும் அடுத்தடுத்து வைக்கிறது.

ஹலீமாக நடித்த ஸாலிஹ் பக்ரி பாலஸ்தீனர், யாஃபாவில் பிறந்தவர். மொரோக்கோவின் பேச்சு அரபி அவருடைய பேச்சு அரபியிலிருந்து வெகுதூரம். மொழியையும் கற்று, ஊசியையும் பழகி நடித்திருக்கிறார். யூசுஃபாக வரும் அய்யூப் மிஸ்ஸியூயிக்கு இது முதல் பெரிய படம்.

ரோஜா நிறச் சாட்டின்

மினாவாக நடித்தவர் லுப்னா அஸபல். பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், துஸானியின் முந்தைய படத்தில் ரொட்டிக்கடைக்காரியாக வந்தவரும் இவரே. நோயாளிப் பாத்திரம் என்றால் அனுதாபம் தானாக வந்து சேரும். அதைக் கையால் தள்ளிவிட்டு நடித்திருக்கிறார்.

மினா கடுகடுப்பானவள். யூசுஃப் கடைக்குள் நுழைந்த நாளிலிருந்து அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதற்குமுன் வந்த பையன்கள் மாதிரி இவனும் நிலைக்கமாட்டான் என்பாள். ஹலீமின் பார்வை அவன்மேல் எங்கே, எத்தனை நொடி நிற்கிறது என்று அவள் கண் அளந்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு நாள் ரோஜா நிறச் சாட்டின் துணி காணவில்லை. மினா யூசுஃபைத் திருடன் என்கிறாள். அதற்கான பணம் அவன் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. அவன் பெரிதாகச் சண்டை போடவில்லை.

துணியை அவன் எடுக்கவே இல்லை. பின்னால் மினாவே அதை அவனிடம் ஒப்புக்கொள்கிறாள்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மினாவின் பெருந்தன்மையைப் பேசுகிறார்கள். எனக்கு இந்தச் சாட்டின்தான் முக்கியம். கணவனின் மனம் போகும் திசை தெரிந்தும் கேட்க முடியாத ஒருத்தி, கேட்கக்கூடிய வேறொரு குற்றத்தைக் கண்டுபிடிக்கிறாள். 'நீ என் வீட்டிலிருந்து எதையோ எடுத்துவிட்டாய்' என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. சாட்டின் என்று வாயில் வந்தது. இந்த அநியாயத்தை அவள் செய்யாமல் இருந்திருந்தால், பிற்பாதியில் அவள் காட்டும் பெரிய மனம் வெறும் கதை வசதியாகத்தான் இருந்திருக்கும்.

யூசுஃப் ஒரு கட்டத்தில் தன் மனதை ஹலீமிடம் சொல்லிவிடுகிறான். ஹலீம் பின்வாங்குகிறார், பையன் கடையை விட்டுப் போகிறான். மினா படுக்கையில் விழுந்து, கடை மூடிக் கிடக்கும்போது திரும்பி வருகிறான். கடையைத் திறக்கிறான், வீட்டுக்குச் சாப்பாட்டோடு வருகிறான். மூன்று பேரும் ஒரே கூரையின்கீழ் ஒரு குடும்பம் மாதிரி ஆகிப்போகிறார்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வெளியிலிருந்து கேட்கும் பாட்டுக்கு மூவரும் ஆடும் ஒரு காட்சி வருகிறது. நோயின் நாற்றம் அடிக்கிற அறையில் அவ்வளவு சந்தோஷத்தை நான் சினிமாவில் அதிகம் பார்த்ததில்லை.

மினாவுக்கு வேறெதுவும் இறங்காமல் மாண்டரின் ஆரஞ்சு மட்டும் இறங்குகிறது. தோல் உரித்துச் சுளை சுளையாகக் கொடுப்பது, குளிக்க வைப்பது, தலை வாருவது என்று ஹலீம் அவளைப் பார்த்துக்கொள்ளும் கை, பட்டைத் தொடும் அதே கை. மனைவியிடம் ஆசை இல்லாத ஆண் அவளைக் காதலிக்கவில்லை என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டிவிடக்கூடாது என்பதில் படம் பிடிவாதமாக இருக்கிறது. அவள் மார்பு அறுவை செய்த தழும்பைக் காட்டும் காட்சியில் வசனமே கிடையாது.

கடைசியில் ஹலீம் தன் வாயால் சொல்ல முயல்கிறார். குற்றவாளி மாதிரி குறுகிப்போய்ச் சொல்கிறார். மினா அவரை மன்னிக்கவில்லை, ஏனென்றால் மன்னிக்க அங்கே ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. காதலிக்கப் பயப்படாதே என்கிற மாதிரி ஒன்றை மட்டும் சொல்கிறாள். ஐந்து வேளை தொழும் பெண் அவள். அவளுடைய தொழுகைக்கும் இந்தச் சொல்லுக்கும் நடுவில் மோதல் இருப்பதாகப் படம் கருதவே இல்லை. எனக்கு இது துணிச்சலாகப் பட்டது.

காவலர் கேட்ட காகிதம்

489 என்ற எண் படத்தில் எங்கும் வராது. ஹலீம் பொதுக் குளியலிடமான ஹம்மாமுக்குப் போவார், தனி அறை கேட்பார், கதவு மூடும். அந்தச் சில நிமிடங்களை யாரும் விசாரிப்பதில்லை. ஆண்கள் ஹம்மாமுக்குப் போவது ஊர் வழக்கம்தானே.

சட்டம் நேரடியாக வந்து நிற்பது வேறொரு இடத்தில். மினா ஒரு நாள் ராத்திரி, ஆண்கள் மட்டும் உட்காரும் தேநீர்க் கடைக்கு ஹலீமோடு போய், கால்பந்து பார்த்து, சிகரெட்டும் பிடித்துவிட்டு வருகிறாள். திரும்பும் வழியில் காவலர்கள் நிறுத்துகிறார்கள். நீங்கள் கணவன் மனைவி என்பதற்கு அத்தாட்சி எங்கே?

மொரோக்கோவில் இது கற்பனை இல்லை. 490ஆவது பிரிவின்படி கல்யாணத்துக்கு வெளியே உறவு குற்றம். ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. விடுதியில் அறை எடுக்கப் போகும் உள்ளூர் ஜோடியிடம் மணச்சான்று கேட்பது பல காலம் நடந்த வழக்கம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். படத்தில் சட்டப்படி சரியாக இருக்கும் ஒரே ஜோடி இதுதான். படத்தில் சட்டம் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஒரே ஜோடியும் இதுதான். கடைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு ஆண்களிடம் எவரும் காகிதம் கேட்கவில்லை. இயக்குநர் இதைச் சுட்டிக்காட்டவில்லை, காட்சியும் கொஞ்ச நேரம்தான். நகைச்சுவை மாதிரிகூட இருக்கும். என் பார்வையில் படத்தின் கூர்மையான அரசியல் இங்கேதான் இருக்கிறது. பழைய ஊரில் ஆண்களுக்கு இருக்கும் மறைவு பெண்ணுக்கு இல்லை. ஹலீமின் ரகசியத்தை ஊர் காப்பாற்றிக்கொடுப்பதற்கு ஒரு காரணம், அவர் ஆண் என்பது.

அதே நாடு அனுப்பியது

2015இல் துஸானியின் கணவர் நபீல் அய்யூஷ் மராகேஷின் பாலியல் தொழிலாளர்களைப் பற்றி எடுத்த படத்தை அரசு தடை செய்தது. அதன் முதன்மை நடிகை தாக்கப்பட்டு, நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அதே அய்யூஷ்தான் 'நீலக் கஃப்தா'னின் தயாரிப்பாளர். மொரோக்கோவோடு பிரான்ஸ், பெல்ஜியம், டென்மார்க் நாடுகளும் தயாரிப்பில் பங்கு. ஏழே ஆண்டு இடைவெளி.

2022 மே மாதம் கான் விழாவில் 'அன் செர்டன் ரிகார்ட்' பிரிவில் படம் திரையிடப்பட்டு, அந்தப் பிரிவுக்கான பன்னாட்டு விமர்சகர்கள் சங்கப் பரிசைப் பெற்றது. மொரோக்கோ தன் சார்பில் இதை ஆஸ்கருக்குத் தேர்ந்தெடுத்தது. டிசம்பரில் அறிவித்த 15 படங்கள் கொண்ட பட்டியலிலும் இடம் கிடைத்தது, இறுதி ஐந்தில் இல்லை. நடுவில் மராகேஷ் விழாவில் ஜூரி பரிசு. அந்த விழா மன்னரின் ஆதரவில் நடப்பது.

அரசு மனம் மாறிவிட்டது என்று இதற்கு அர்த்தம் கொடுக்க நான் தயாரில்லை. 489 அப்படியே இருக்கிறது. தடைபட்ட படம் தெருவைக் காட்டியது, பணம் கைமாறுவதைக் காட்டியது, சுற்றுலா நகரத்தின் பெயரைக் கெடுத்தது. இந்தப் படம் கைத்தொழிலின் பெருமையைக் காட்டுகிறது, நல்ல மனைவியைக் காட்டுகிறது, மூடிய கதவை மூடியபடியே விட்டுவிடுகிறது. ஒரு அதிகாரி இதைப் பார்த்து 'நம் கஃப்தான் கலையைப் பற்றிய படம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியும். கதைக்குள் ஹலீமுக்குக் கிடைத்த அதே மறைவு, கதைக்கு வெளியே படத்துக்கும் கிடைத்திருக்கிறது. துஸானி இதைத் தெரிந்தே செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அடக்கமாக எடுத்ததற்கு விலை உண்டு, பலனும் உண்டு.

விலை என்று எதைச் சொல்கிறேன்? யூசுஃபைத்தான். எட்டு வயதிலிருந்து தனியாகப் பிழைத்தவன் என்ற ஒரு வரிக்குமேல் அவனைப் பற்றி நமக்கு எதுவும் கிடைப்பதில்லை. எங்கே தூங்குகிறான், யாரிடம் பேசுவான், ஹலீம் இல்லாத நேரத்தில் எப்படி இருப்பான்? அழகாக இருக்கிறான், பொறுமையாக இருக்கிறான், அவ்வளவே. வாடிக்கையாளப் பெண்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்: பணம், அவசரம், அலட்சியம். இன்னொரு புகாரும் நியாயமானது. ஆண் விடுதலை அடைய மனைவி சாக வேண்டியிருக்கிறது. அவளே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டும் போகிறாள். இதை மறுக்க என்னால் முடியாது. அஸபல் நடித்ததால் தப்பித்தது என்று மட்டும் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஓடும் படத்தில் பத்து நிமிடத்தைக் குறைத்து யூசுஃபுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கலாம்.

தைக்காத துணி

இனி முடிவு.

முஸ்லிம் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, கூடிய சீக்கிரம் அடக்கம் செய்வார்கள். அந்தத் துணிக்குக் கஃபன் என்று பெயர். நம் ஊரிலும் அதே சொல்தான். கஃபனில் பொத்தான் கிடையாது, சரிகை கிடையாது. அரசனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே எளிய துணி. சட்டை மாதிரி வெட்டித் தைக்காமல், சுற்றிக் கட்டுவதற்கான துண்டுகளாகவே அது இருக்கும்.

வாழ்நாள் முழுக்கத் தையலால் சோறு தின்ற வீட்டிலிருந்து மினா தைக்காத துணியில் போக வேண்டும். அவள் ஒரு நாளும் அந்த மாதிரி கஃப்தான் உடுத்தியதில்லை. அவள் கடையில் தைத்ததெல்லாம் அடுத்தவர்களுக்கு. ஊர்ப் பெண்கள் வந்து, குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்கள். ஹலீம் உள்ளே வருகிறார். வெள்ளையை எடுக்கிறார். மாதக்கணக்கில் அவரும் யூசுஃபும் சேர்ந்து தைத்த, வேறொருத்தியின் உடம்புக்கு அளவெடுத்த நீலக் கஃப்தானை அவளுக்கு உடுத்துகிறார். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடுகிறார்.

மார்க்கப்படி இது தவறு, வியாபாரப்படியும் தவறு. படம் முழுக்க வெளிப்படையாக எதையும் மீறாத, கதவைச் சாத்திக்கொண்டே வாழ்ந்த அந்த மனிதர் எல்லார் கண்ணுக்கும் தெரிய மீறுவது இந்த ஒன்றைத்தான். ஆண்மேல் உள்ள காதலுக்காக அதைச் செய்திருந்தால் வழக்கமான படமாக இருந்திருக்கும். மனைவிக்காகச் செய்கிறார். பிரெஞ்சுத் தலைப்பு ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டால் இதுதான் காரணம். கஃப்தான் யாருக்காகத் தைத்தது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அந்த நீலம் யாருக்கு என்பது வெள்ளையை விலக்கும்போதுதான் தெரிகிறது.

ஜனாஸா எனும் இறுதி ஊர்வலம் என்றால், உடலை வைத்த சந்தூக்கை நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்குவது வழக்கம், பின்னால் ஆண்கள் கூட்டம் வரும். இங்கே இரண்டே பேர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கணவனும், கணவன் காதலிக்கும் பையனும். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் நீலம் தெரிய, இத்தனை நேரம் காதால் மட்டும் கேட்ட அந்தச் சந்துக்குள் கேமரா அப்போதுதான் முழுசாக இறங்குகிறது. ஊர் நின்று பார்க்கிறது. சுமை கனம், பாதை குறுகல். இருவரும் ஒரே தாளத்தில் காலெடுத்து வைத்தால்தான் சந்தூக்கு சாயாமல் போகும். நூலின் இரு முனையில் இருந்து பழகியவர்கள், சாயாமல் கொண்டுபோகிறார்கள்.